வாராந்தத் திட்டக் குறிப்பேடு: மூன்று மாதப் பயன்பாட்டின் பின்

திருகோணமலை நகரப் புத்தகக் கடையொன்றில் வாங்கிய இந்தக் குறிப்பேட்டில் ஏழு நாட்களும் ஒரே பார்வையில் தெரிவதால், பிள்ளைகளின் தனியார் வகுப்பு நேரங்களையும், உவர்மலையிலிருந்து அவர்களை யார் ஏற்றிவருவது என்பதையும், வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலுக்கு வாங்கவேண்டியவற்றையும் ஞாயிறு இரவே எழுதிவிட முடிகிறது. கணவரும் அதைப் பார்த்தே தம் பங்கு வேலைகளைச் செய்வது எனக்குப் பெரும் ஆறுதல். தாளும் தடிப்பானது, மை ஊறுவதில்லை.

ஆனால் போயா தினங்கள் அச்சிடப்படவில்லை. பௌர்ணமிதோறும் அரச விடுமுறை வரும் நாட்டில் இது பெருங்குறை. ஏனெனில் அன்று பாடசாலை மூடியிருக்க, நிலாவெளி விடுதியில் பணியாற்றும் எனக்கோ கடமை இருக்கும், பிள்ளைகளை யாரிடம் விடுவதென்று முன்னரே தீர்மானித்தாக வேண்டும். அந்நாட்களை நானே சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டேன்.