ஜி.என்.எம்மா, பி.எஸ்சி நர்சிங்கா? கட்டடத்தை விட்டுவிட்டுப் படுக்கைகளை எண்ணுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நர்சிங் சேர நினைக்கும் வீடுகளில் கிளம்பும் முதல் கேள்வி, மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோவா, நான்கு வருட பி.எஸ்சி. டிகிரியா என்பதுதான். எதை முடித்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவாவது ஒரே 'ஆர்.என்., ஆர்.எம்.' (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மிட்வைஃப்) தகுதியில்தான். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் அரசு ஸ்டாஃப் நர்ஸ் தேர்வும் இரண்டு தரப்பினருக்கும் பொது. அப்படியானால் எங்கே பிரிகிறது?

வாசலிலேயே பிரிகிறது. ஜி.என்.எம். சேர பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் 40 சதவீதம் போதும். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 சதவீதம் கட்டாயம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சலுகை தனி. காமர்ஸ் படித்துவிட்டு நர்சாக ஆசைப்படும் பிள்ளைக்கு டிப்ளமோ ஒன்றுதான் வழி. அதை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909இல், பட்டப்படிப்பு வந்தது 1946இல். நம் ஊரில் மருத்துவமனைப் பள்ளிதான் மூத்தது.

படிக்கும் முறை முற்றிலும் வேறு. ஜி.என்.எம். ஆண்டுத் தேர்வு முறை. முதலாண்டில் உடற்கூறு, நுண்ணுயிரியல், நர்சிங் அடிப்படை, சமூக நலம், இரண்டாமாண்டில் மெடிக்கல் சர்ஜிக்கல் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கவனிப்பது), குழந்தைகள் நலம், மனநலம், மூன்றாமாண்டில் மகப்பேறு. மருந்தியல் தனிப் பாடமாக இல்லை, மெடிக்கல் சர்ஜிக்கலோடு கலந்து வரும். பி.எஸ்சி.யில் அது தனிப் பாடம். நோய்க்குறியியலும் உயிர்வேதியியலும் கூடுதல். 2021இல் வந்த புதிய விதிகளின்படி எட்டு செமஸ்டர், கிரெடிட் கணக்கு, கடைசி செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப். முதலுதவி, இதய உயிர்மீட்பு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு போன்ற மாட்யூல்களையும் முடித்தாக வேண்டும்.

பேப்பரில் டிகிரி கனமானதுதான். ஆனால் கை பழகுவது பேப்பரில் இல்லை. 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு என்று இரண்டு தரப்புமே கணக்குப் போட்டுவிடும். சின்னச் சொட்டு விழும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு என்பதைக் கவனிக்காமல் அதே 21இல் விட்டால் பாட்டில் முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இதைப் பிடிப்பது, ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டிலைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம்.

இன்சுலின் இன்னும் மோசம். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளி மயங்கிவிடுவார். மருந்தியல் பாடத்தில் நல்ல மார்க் எடுத்தவரும் இதில் தவறலாம். தினமும் நாலைந்து பேருக்கு இன்சுலின் போடும் வார்டில் சீனியர் சிஸ்டரின் கண் முன்னால் ஊசி ஏற்றிப் பழகியவர் தவறுவது குறைவு.

அதனால்தான் படிப்பின் பெயரைக் காட்டிலும் அதன் பின்னால் நிற்கும் மருத்துவமனை முக்கியம் என்கிறோம். வார்டில் ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. 100 படுக்கையில் 75 நிரம்பியிருந்தால் ஒரே நேரத்தில் 25 பேர்தான் உருப்படியாகப் பழக முடியும். ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் கல்லூரி மற்றவர்களை எங்கே அனுப்பும்? பஸ்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குத்தான். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒரு டிரெஸ்ஸிங்கைச் சுற்றி எட்டுப் பேர்; தொடுவது ஒருவர், மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறவர்கள்.

இந்தக் குறை பச்சையாகத் தெரிவது லேபர் ரூமில். ஜி.என்.எம். மாணவர் நிரப்ப வேண்டிய மகப்பேறு கேஸ் புக்கில் 30 கர்ப்பிணிப் பரிசோதனை, தன் கையால் பிடித்த 20 இயல்பான பிரசவம் என்று எண்ணிக்கை வரும். மாதம் பத்துப் பிரசவம் நடக்கும் மருத்துவமனையில் 40 பேருக்கு இது எப்படி நிறையும்? வேடிக்கை பார்த்ததைப் பிடித்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். புத்தகம் நிறைந்துவிடும், கை காலியாகவே இருக்கும். பி.எஸ்சி.யிலும் இதே வியாதி உண்டு.

மருத்துவமனையோடு ஒட்டிய டிப்ளமோ பள்ளிக்கும் ஒரு கெட்ட குணம் இருக்கிறது: ஆள் குறையும்போது மாணவர்களை வைத்தே ஷிப்டை ஓட்டுவது. வகுப்பு இருக்கவேண்டிய நேரத்தில் நைட் டியூட்டி விழும். வேகம் வரும், காரணம் தெரியாது. கல்லூரிகளில் நேர்மாறாக, கேர் பிளானும் கேஸ் ஸ்டடியும் எழுதியே விரல் தேயும். நோயாளியின் பெயர் கேட்டால் யோசிப்பார்கள். எங்கே சேர்ந்தாலும் லீவில் எச்சரிக்கை தேவை. தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும் என்றாலும், சான்றிதழ் வாங்க ப்ராக்டிகல் நாட்கள் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். அம்மை போட்டுப் பத்து நாள் படுத்தால், அந்தப் பத்து நாளும் கடைசியில் வந்து நிற்கும்.

படிப்புக்குப் பிறகான ஏணியில் டிகிரிதான் முன்னால். எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வைப் பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்ததும் எழுதலாம். டிப்ளமோக்காரர் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. படிக்கவோ ஆசிரியராகவோ ஆசை என்றால் டிப்ளமோவுக்கு மேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு; ஆக 4க்குப் பதில் 5.

எங்கள் தீர்ப்பு இது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். சொந்த மருத்துவமனை பேருக்கு மட்டும் இருக்கும் தனியார் பி.எஸ்சி.யா, கூட்டம் அலைமோதும் மருத்துவமனையின் ஜி.என்.எம்.மா என்று வந்தால் ஜி.என்.எம். நல்லது. பணம் கட்டுவதற்கு முன் வார நாளில் காலை பதினொரு மணிக்கு அங்கே போங்கள். ஆண்கள் மெடிக்கல் வார்டில் நிரம்பிய படுக்கைகளை எண்ணுங்கள். மூன்றாமாண்டு மாணவி ஒருவரை ஓரமாக நிறுத்தி, "எத்தனை பிரசவம் உங்க கையால பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் அவர் ட்யூட்டர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தால், வேறு இடம் பாருங்கள்.