வோஜ் 300 ராலி: வரட்டும், பாட்ஸோடு வரட்டும்

வோஜ் 300 ராலி என்ற சீன டிரெயில் பைக்கை, அதாவது மண் பாதையிலும் ஓடுகிற பைக்கை, கொண்டுவரப் போகிறோம் என்று கொழும்பில் ஒரு இறக்குமதியாளர் பெயர் பதியத் தொடங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு மட்டக்களப்பில் டிரெயில் பைக் வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் இதே கதைதான். பைக் இன்னும் துறைமுகத்துக்கே வரவில்லை, அதனால் இதை ஓட்டிப் பார்த்த விமர்சனம் என்று வாசிக்க வேண்டாம். கம்பனி எழுதியிருப்பதை எங்கள் மண்ணுக்கும் மாரிக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு இந்த பைக் வேண்டும். வேண்டும் என்பதால்தான் இவ்வளவு துருவிப் பார்க்கிறேன்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், திரும்பத் திறந்தது 2025இல். அந்த இடைவெளியில் இங்கே ஓடிக்கொண்டிருந்த ஜப்பான் டிரெயில் பைக்குகள், ஹோண்டா பாஜா, எக்ஸ்.எல்.ஆர், யமஹா செரோ, சுசுகி ஜெபெல் எல்லாம் வயது ஏற ஏற விலையும் ஏறிக்கொண்டு போயின. பாதிக்கு மேல் தொண்ணூறுகளில் செய்தவை. நல்ல பைக்குகள், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் இத்தனை வருடம் ஓடிய இஞ்சினுக்குப் பிஸ்டன் தேடி அலைகிற வேலை எல்லாருக்கும் ஒத்துவராது. புதிதாக வாங்க நினைத்தவனுக்கு இருந்த தெரிவு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ஒன்றிரண்டுதான். அப்படியிருக்கும்போது 21 அங்குல முன் சில்லும் 18 அங்குலப் பின் சில்லும் போட்ட, புத்தம் புது 300 வருகிறது என்றால் மனம் துள்ளத்தானே செய்யும்.

சரி, கடதாசியில் என்ன இருக்கிறது? 292 சிசி, ஒற்றைச் சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இஞ்சின், சுமார் 29 குதிரைவலு, ஆறு கியர், எடை 158 கிலோ, தாங்கியில் 11 லீற்றர், இருக்கை உயரம் 915 மில்லிமீற்றர். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கிற ஏபிஎஸ்ஸை நிறுத்தி வைக்கலாம், கிரவலில் இறங்குகிறவனுக்கு அப்படி நிறுத்துகிற வசதி கட்டாயம் தேவை.

முதலில் சில்லைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பைக் ஓடுகிறவனுக்கு இஞ்சினைவிடச் சில்லுதான் பெரிய விஷயம். மாரியில் மாடு நடந்த தடமும் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கீறிய தடமும் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். 17 அல்லது 18 அங்குலச் சில்லு அந்தக் குழிக்குள் விழுந்து விழுந்து எழும்பும், ஹாண்டில் கையை விட்டுப் பறிக்கும். 21 அங்குலச் சில்லு அதற்கு மேலால் ஏறிப் போய்விடும். தாந்தாமலைக்குப் போகிற உள்வீதிகளிலும் உன்னிச்சைக் குளத்தின் பின்பக்கத்திலும் ஓடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அடுத்தது முன் மட்கார்டு. மழைக்குள் வயல் பாதையில் இறங்கினால் எங்கள் களி சில்லுக்கும் தாழ்ந்த மட்கார்டுக்கும் இடையில் அடைத்து, கொஞ்ச நேரத்தில் சில்லே சுற்றாது. இறங்கித் தடியால் கிளறி எடுக்க வேண்டும். அதற்காகவே மாரி தொடங்கும்போது 125 பைக்கின் முன் மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணுக்குள் சேறு அடிக்க அடிக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வோஜில் மட்கார்டு சில்லுக்கு நன்றாக மேலே நிற்கிறது. படத்தில் இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி ஆசை வந்துவிட்டது.

இனி உயரம். 915 மில்லிமீற்றர் என்பது சின்ன உயரம் இல்லை. எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய இதே பாரம், ஆனால் அதன் இருக்கை 825 தான். ஒன்பது சென்டிமீற்றர் வித்தியாசம், அதை உணர்கிற இடம் பிரதான வீதி இல்லை, வரம்பு ஓரத்தில் பைக் சரியும்போது ஒரு காலைக் குத்த வேண்டிய அந்த நேரம்தான். ஐந்தரை அடி ஆளுக்கு இரண்டு காலும் விரல் நுனியில்தான் நிற்கும், அதிலும் ஒரு பக்கம் பள்ளம் என்றால் கால் காற்றில். பின்னால் இருக்கிறவரையும் யோசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பைக் வாங்குகிறவன் தனக்கு மட்டும் வாங்குவதில்லை, அம்மாவைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும், சாறி உடுத்த மனைவி ஏற வேண்டும், உரப் பை ஒன்றைக் கரியலில் கட்ட வேண்டும். அவ்வளவு உயரத்தில் சாறியோடு ஏறி இறங்குவது எளிதான காரியமா? கரியல் பைக்கோடு வருமா, தனியாக விற்பார்களா, எத்தனை கிலோ தாங்கும் என்று இறக்குமதியாளரிடம் கேட்டேன். கரியலா என்று திருப்பிக் கேட்டார். இங்கே விற்க நினைக்கிறவர் இதை எல்லாம் யோசித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

குறைந்த உயரத்துக்கான இருக்கையோ பின் ஷொக்கின் லிங்க்கோ கொண்டுவந்தால் இங்கே வாங்குகிறவர்கள் இரண்டு மடங்காவார்கள் என்பது என் எண்ணம். இந்த மாவட்டத்தில் டிரெயில் பைக் உண்மையில் தேவைப்படுகிறவர்கள் யார்? மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் பட்டி வைத்திருக்கிற பண்ணையாளர்கள், கிரானுக்கு அப்பால் படிப்பிக்கப் போகிற ஆசிரியர்கள், குடும்பிமலைப் பக்கத்துக் கிராமசேவகர், மிருக வைத்தியர், மருத்துவமாது. ராலி பந்தயம் ஓடப் போகிறவர்கள் இல்லை இவர்கள்.

அப்புறம் தண்ணீர். மாரி பெருத்தால் கிரானுக்கும் புலிபாய்ந்தகல்லுக்கும் இடையில் வீதி மூடிப் படகு ஓடும், அந்த வெள்ளத்துக்குள் எந்த பைக்கையும் இறக்கச் சொல்ல மாட்டேன். நான் பேசுவது தாம்போதிக்கு, அதாவது தண்ணீர் மேலால் பாயும்படி கட்டிய தாழ்ந்த பாலத்துக்கு, மேலால் முழங்கால் அளவில் பாய்கிற தண்ணீரை. அதில் போக இஞ்சின் எவ்வளவு பெரிசு என்பது முக்கியமில்லை. எயார் பில்டருக்குக் காற்று எடுக்கிற வாய் எங்கே இருக்கிறது, வயர் இணைப்புகளுக்கு ரப்பர் உறை சரியாக இருக்கிறதா, சில்லு பெயாரிங்கின் சீல் எப்படி, இதைத்தான் பார்க்க வேண்டும். மாதிரி பைக் வந்ததும் இருக்கையைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லப் போகிறேன். கல்லடி, நாவலடிப் பக்கத்தில் இருக்கிறவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பிச் சில்லு என்பதால் கம்பிகளும் நிப்பிள்களும் முதல் வருடத்திலேயே துருவைக் காட்டத் தொடங்கிவிடும், கழுவித் துடைத்து ஒயில் துணியால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் வரம்பு ஓரமாக முதல் கியரில் ஊர்ந்து போகும்போது விசிறி ஓயாமல் சுற்றும். அது மட்டுமென்றால் பரவாயில்லை. வெட்டு மெசின் ஓடுகிற காலத்தில் நெல்லுத் தூசியும் வைக்கோல் தும்பும் காற்றெல்லாம் பறக்கும், அது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும், ஈரமும் சேர்ந்தால் காய்ந்து கட்டியாகிவிடும். காற்றால் குளிர்கிற பழைய பாஜாவுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனாலும் செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை தாண்டி ஏ5 வீதியில் பதுளை ஏறும்போது, பின்னால் ஆளும் பையும் வைத்துக்கொண்டு ஒரு லொறியை முந்த வேண்டுமென்றால் 29 குதிரையின் அருமை தெரியும், அங்கே பழைய பைக்குகள் மூச்சு வாங்கும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி வலை ஒன்று போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

சீனச் சாமான் என்ற பேச்சுக்கு வருவோம். வோஜ் என்பது சொங்சிங் நகரத்து லொன்சின் கம்பனியின் பெயர். பிஎம்டபிள்யூ எஃப் 850 ஜிஎஸ்ஸின் இஞ்சினைச் செய்து கொடுத்ததும் இதே லொன்சின்தான். ஜெர்மன்காரன் நம்பி இஞ்சின் செய்யக் கொடுக்கிற கம்பனியைச் "சைனா பைக், இரண்டு மாதம்தான்" என்று தள்ளிவிட முடியாது. இன்னொரு சீனக் கம்பனி கோவ், 2023 டக்கார் ராலியில் மூன்று 450 பைக்குகளை இறக்கியது, மூன்றும் கடைசி வரை ஓடி முடித்தன. ஆகவே செய்யத் தெரியாதவர்கள் இல்லை. செய்கிற தரத்தில் எனக்குச் சந்தேகம் குறைவு.

சந்தேகம் எல்லாம் விற்ற பிறகு நடப்பதில். என் சின்னம்மாவின் மகன் வவுணதீவில் இருக்கிறான், முன்பு ஒரு சீன டிரெயில் பைக் வாங்கினான். ஓட்டத்தில் குறை சொல்ல ஏதுமில்லை, பட்டியைப் பார்க்கவும் வயலுக்குப் போகவும் அதுதான். இரண்டாவது மாரியில் சி.டி.ஐ., அதாவது பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மின்பெட்டி, போய்விட்டது. விற்றவர்களுக்குப் போன் எடுத்தால் அடுத்த கொண்டெய்னர், அடுத்த கொண்டெய்னர் என்றார்கள், பிறகு போனே எடுக்கவில்லை, கொஞ்ச நாளில் கடைப் பலகையும் மாறிவிட்டது. கொழும்பில் வாகனப் பாட்ஸ் (உதிரிப்பாகங்கள்) விற்கிற பஞ்சிகாவத்தை முழுக்க நடந்தும் அந்தச் சாமான் கிடைக்கவில்லை. கடைசியில் கரடியனாற்றில் ஒரு மெக்கானிக் அண்ணன் இந்திய பைக்கின் சி.டி.ஐ.யை எடுத்து, வயர்களை மாற்றிப் பிடித்து ஓட வைத்துக் கொடுத்தார். "தம்பி, கார்புரேட்டர் பைக் எண்டபடியால் தப்பினாய்" என்றாராம்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய சீன பைக்கில் கம்பனி கைவிட்டாலும் ஊர் மெக்கானிக் காப்பாற்றினார். வோஜில் பெற்றோலைத் தெளிப்பது கணினி. சென்சர் ஒன்று பழுதானால் வேறு பைக்கின் சாமானைக் கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது, பிழை என்ன என்று வாசிக்கிற கருவியே இல்லாமல் எங்கள் கராஜ்களில் என்ன செய்வார்கள்? ஆகவே இறக்குமதியாளர் சிரித்துக்கொண்டு "எல்லாம் இருக்கும்" என்பது எனக்குப் போதாது. கிளச் கேபிள், லீவர்கள், பிரேக் பாட், ஒயில் பில்டர், பெற்றோல் பம்ப், ரெகுலேட்டர், ரேடியேட்டர் விசிறி, இவ்வளவும் முதல் பைக் வரும் அதே கப்பலில் வர வேண்டும். பிழை வாசிக்கிற அந்தக் கருவி ஒன்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கராஜில் இருக்க வேண்டும், அதைப் பாவிக்க ஒருவரைப் பழக்கியிருக்கவும் வேண்டும். பழுதான பைக்கைப் பிக்கப்பில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பு என்பது எங்களுக்குச் சரிவராது, 300 கிலோமீற்றருக்கு மேல் அது.

பெற்றோல் செலவில் பெரிய பிரச்சினை தெரியவில்லை. லீற்றருக்கு 28 ஓடினால்கூட 11 லீற்றரில் 300 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போய் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு வர அது போதும், ஆனாலும் பாணமை தாண்டினால் பெற்றோல் ஷெட் இல்லை, பொத்துவிலில் நிரப்பிக்கொண்டு போவது நல்லது. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கி ஓடியவர்கள் நாங்கள். 13 லீற்றர் தாங்கி இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

விலை. இறக்குமதியாளர் வாயால் ஒரு தொகை சொல்கிறார், ஆளுக்கு ஆள் அது மாறுகிறது, அதனால் இங்கே எழுதவில்லை. சுங்க வரி, உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் என்று சேர்ந்து, சீனாவில் மலிவான பைக் இங்கே மலிவாக இறங்காது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360க்குப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆகவே "முற்பணம் இப்போது, விலை பிறகு" என்கிற ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்து வைக்காதீர்கள். லீசிங்கில் எடுக்கிறவர்கள் இன்னும் கவனம். பைக் பாட்ஸ் இல்லாமல் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது.

நகரத்துக்குள் வேலைக்குப் போய் வர, களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் பிரதான வீதியில் ஓட என்றால் இது தேவையில்லை. அதற்கு 125 ஒன்றோ ஸ்கூட்டரோ போதும், காசும் மிச்சம். பதுளை வீதிக்கு உள்ளே, வாகரைக் காட்டுப்பக்கம், வெல்லாவெளி, தொப்பிகலப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு, உயரத்தையும் சமாளிக்க முடியுமென்றால், நான் கண்ட புதிய பைக்குகளில் கடதாசியில் இதைப்போல் பொருந்துவது வேறில்லை. நான் பெயர் பதிந்துவிட்டேன். காசு கொடுக்கவில்லை. விலையும் பாட்ஸ் பட்டியலும் எழுத்தில் வந்தால் கொடுப்பேன்.

மாதிரி பைக்கைக் கொழும்பில் கண்ணாடிக் கடைக்குள் வைத்துக் காட்டினால் போதாது, மட்டக்களப்புக்கும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அம்பாறை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்திலிருந்து பெயர் பதிந்தவர்கள் இருந்தால் நீங்களும் இதையே கேளுங்கள், கரியலையும் குறைந்த இருக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவன் கேட்டால் யோசிப்பார்கள், கிழக்கிலிருந்து ஒரு கூட்டமே கேட்டால் பாட்ஸ் பெட்டியோடு வருவார்கள்.