ஆளை எண்ணாமல் அழைப்பை எண்ணும் கடை

சென்னை தம்புச் செட்டி தெருவில் எங்களுடையது, துறைமுகத்துச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தருகிற கிளியரிங் ஆபீஸ். ஐந்து லேண்ட்லைன், அழைப்புகளை ஆபீஸுக்குள் பிரித்துவிடுகிற ஒரு பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி, 24 பேர். எல்லாவற்றையும் இன்டர்நெட் போனுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்ததும் முதலில் வந்த ஒரு டீலர் நாற்காலிகளை எண்ணினார், 24 மேசை போன், 30 சேனல் பிஆர்ஐ லைன் (ஒரே நேரத்தில் 30 பேர் பேசக்கூடிய டிஜிட்டல் லைன்) என்று கொட்டேஷன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

அப்புறம்தான் லிங்கிச் செட்டி தெருவில் இருக்கிற இந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த நேரத்துல போன் ஓயாம அடிக்கும் சார்?" என்பதுதான். எங்களுக்குக் காலை 11-லிருந்து 12. கப்பல் கம்பெனியிலிருந்து டெலிவரி ஆர்டர் வாங்குவது, மணலியில் சிஎஃப்எஸ் என்கிற கன்டெய்னர் நிலையத்தில் பெட்டி எங்கே நிற்கிறது என்று விசாரிப்பது, லாரிக்காரர்கள், சரக்குக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். சில நாட்கள் அந்த நேரத்தில் வருகிற, போகிற அழைப்புகளை மட்டும் குறித்து வைக்கச் சொன்னார். சராசரியாக 60 அழைப்பு, ஒன்றுக்கு மூன்று நிமிடம், ஆக 180 நிமிடம். அதை 60-ஆல் வகுத்தால் 3. இதை 3 எர்லாங் என்கிறார்கள், அதாவது அந்த நேரத்தில் சராசரியாக மூன்று லைன் பேச்சில் இருக்கும். எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1917-லேயே வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டால், 5 லைன் இருக்கும்போது நூறில் சுமார் 11 அழைப்புக்கு லைன் கிடைக்காது, 8 லைன் இருந்தால் நூறில் ஒன்று கூட அடிபடாது. கடைக்காரர் ஒரு பழைய அட்டவணையை எடுத்து வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். 30 சேனல் எதற்கு?

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து அவர் சொன்னதுதான். போன் பில்லில் பேசி முடித்த அழைப்பு மட்டும்தான் இருக்கும், பிஸி டோன் கேட்டு வைத்துவிட்டவரின் கணக்கு அதில் வராது, அதனால் பில்லை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் தேவை குறைவாகவே தெரியும் என்றார். எங்கள் வாடிக்கையாளர்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டோம். "உங்க நம்பருக்கு லைன் கிடைக்காம உங்க ஆபீஸ் பையனோட செல்லுக்குத்தான் அடிப்போம்" என்று பல பேர் சொன்னார்கள்! அதையும் சேர்த்து 10 சேனல் எஸ்ஐபி டிரங்க் (ஒரே நேரத்தில் 10 பேர் பேசக்கூடிய இன்டர்நெட் வழி லைன்) என்று முடிவானது. வேண்டுமென்றால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், அதற்காகப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை, அதனால் முதல் ஆர்டரில் எதையும் அதிகமாக வாங்காதீர்கள் என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவதற்கே பாராட்ட வேண்டும். மேசை போனும் 9 தான். துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் அலைகிற பையன்களுக்கு மொபைலில் ஆப் போதும், மேசையில் உட்காராதவருக்கு மேசை போன் எதற்கு.

இந்தத் தெருக்களில் இன்டர்நெட் போனுக்கான தேவை எப்படி வந்தது என்பதையும் பேச்சுவாக்கில் சொன்னார். இந்தியாவில் 2002 ஏப்ரல் 1-லிருந்துதான் சட்டப்படி அனுமதி, அதுவும் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்ளூர் லேண்ட்லைனுக்குப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. அதனால் அப்போது யார் வாங்குவார்கள் என்று கணிக்க ஆபீஸின் அளவைப் பார்ப்பதில் பயனில்லை, ஐஎஸ்டி பில்லைப் பார்க்க வேண்டும், நாலு பேர் வேலை பார்த்தாலும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் தினம் பேசுகிற ஆபீஸ்தான் முதல் வாடிக்கையாளர் என்றார். ஒத்துக்கொள்கிறேன்.

வேலையும் சுத்தம். ஒரு அழைப்புக்கு, குரலை டிஜிட்டலாக்குகிற ஜி.711 முறையில், ஏறக்குறைய 87 கேபிபிஎஸ் போகும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். சிக்கல் வேகத்தில் இல்லை, அதே 11 மணிக்குக் கஸ்டம்ஸின் இ-சஞ்சித் தளத்தில் ஸ்கேன் செய்த ஆவணங்களை ஏற்றும்போது குரல் விட்டுவிட்டு வரும். குரலுக்குத் தனி விலேன் (அதே நெட்வொர்க்குக்குள் தனிப் பாதை) போட்டு ரவுட்டரில் முன்னுரிமை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. மணலி கிடங்கையும் இப்போது மூன்று இலக்க எக்ஸ்டென்ஷனில் கூப்பிடுகிறோம்.

ஒரு குறை உண்டு, ஒரு ஸ்டார் குறைத்தது அதற்குத்தான். லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், ஐபி போனுக்கு வராது. கரண்ட் போனால் சுவிட்ச், ரவுட்டர், போன் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். மழைக்காலத்தில் எங்கள் மண்ணடிப் பக்கம் கரண்ட் எப்படி இருக்கும் என்று தெரிந்த கடைக்காரர், நெட்வொர்க் கம்பியிலேயே போனுக்குக் கரண்ட் கொடுக்கிற பிஓஇ சுவிட்சுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் ஆகிற செலவை முதல் கொட்டேஷனிலேயே எழுதியிருக்க வேண்டும், மாட்டுகிற நாளில் சொல்லக் கூடாது. பேக்ஸுக்காக ஒரு பழைய லேண்ட்லைனை விட்டு வைக்கச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று, கரண்ட் இல்லாதபோது அதில்தான் பேசுகிறோம்.

போகிறவர்கள் மூன்று மாத போன் பில்லும், ரிசெப்ஷனில் அழைப்பு எழுதுகிற நோட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சாயங்காலம் போனால் கடைக்காரரே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருவார், அதற்குக் காசு வாங்குவதில்லை.