அளவுகோலா, மருத்துவரின் கண்ணா, பிள்ளையின் வாயா?

மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இணைகோடுகள் நேரத்துக்கு முன்பே மூடிக்கொள்வதை கிரேனியோசினோஸ்டோசிஸ் என்பார்கள். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. அறுவை சிகிச்சை பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் முடிந்துவிடும். ‘நல்லா வந்திருக்கா?’ என்ற கேள்விதான் வருஷக்கணக்கில் ஓயாது. அதற்குப் பதில் சொல்லும் முறைகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

அதிகம் புழங்கும் முறைகளில் ஒன்று, 1987-இல் வந்த விட்டேக்கர் வகைப்பாடு. மறு அறுவை தேவையில்லை என்றால் முதல் படி. தோல், தசை அளவிலோ சின்ன எலும்புச் சீரமைப்பாகவோ முடிந்தால் இரண்டு. பெரிய எலும்பு வேலை என்றால் மூன்று. முதல் அறுவைக்கு நிகரான, அல்லது அதைவிடப் பெரிய அறுவை வேண்டுமென்றால் நான்கு. கருவி வேண்டாம், செலவில்லை. பரவியதற்குக் காரணமும் அதுதான். ஆனால் இது குழந்தையின் தலையை அளக்கவே இல்லை. மருத்துவரின் முடிவை அளக்கிறது. நெற்றியோரத்துச் சின்னக் குழியை ஒருவர் ‘பரவாயில்லை’ என்று விடுவார், இன்னொருவர் ‘கொஞ்சம் சரிசெய்யலாம்’ என்பார். படி மாறிவிடும், தலை மாறாது. அறுவை செய்தவரே படியையும் போட்டால், தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற கதைதான்.

எண்ணை நம்புகிறவர்களுக்குத் தலைக் குறியீட்டெண் இருக்கிறது. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்: அகலம் 12 செ.மீ., நீளம் 16 செ.மீ. என்றால் 75. உச்சிக்கோடு மூடி, படகு போல நீண்டு ஒடுங்கிய தலைக்கு இது உதவும். எண் ஏறினால் தலை அகன்றிருக்கிறது. வருஷங்கள் போகப் போக அது கொஞ்சம் இறங்குவதும் உண்டு என்பதால், ஆறாம் மாத எண்ணைக் காட்டிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. நெற்றி புடைத்த தலையும் புடைக்காத தலையும் ஒரே 75 வாங்கலாம் என்பது அதைவிடப் பெரிய குறை. நெற்றிக்கு மேலே காதுக்குக் காது குறுக்காக ஓடும் கோட்டின் ஒரு பக்கம் மூடி முகமே கோணியிருக்கும் குழந்தைக்கு இந்த எண் கிட்டத்தட்ட உதவாது.

சிடி ஸ்கேன் எலும்பைத் துல்லியமாகக் காட்டும். வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு என்பதால், வெறும் அளவெடுப்புக்காகத் திரும்பத் திரும்ப எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முப்பரிமாணப் புகைப்படம் அந்த இடத்தை அழகாக நிரப்புகிறது. பல கேமராக்கள் ஒரே நொடியில் படமெடுக்கின்றன. மயக்க மருந்தும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. முடியை அடக்க இறுக்கமான தொப்பி போட்டாக வேண்டும், அழுகிற பிள்ளையோடு மல்லுக்கட்டவும் வேண்டும். வடிவத்தை ஒப்பிட எனக்கு இதுவே முதல் தேர்வு. ஆனால் வெளித்தோற்றத்தோடு அது நின்றுவிடும். வடிவம் நேரான தலைக்குள்ளும் அழுத்தம் ஏறலாம். அதற்குக் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

பிள்ளையிடமே கேட்பது இன்னொரு வழி. உதட்டுப் பிளவு, அன்னப் பிளவு உள்ளவர்களுக்காக 12 நாடுகளின் நோயாளிகளிடம் சோதித்து உருவாக்கப்பட்ட கிளெஃப்ட்-கியூ என்ற கேள்வித்தாள், 8 முதல் 29 வயதுவரை உள்ளவர்களுக்கானது. தோற்றம், பேச்சு, பள்ளி, நண்பர்கள் என்று அவர்களே பதில் சொல்கிறார்கள். மண்டையோட்டுக் குறைபாடு உட்பட மற்ற முகக் குறைபாடுகளுக்கு ஃபேஸ்-கியூ என்ற கேள்வித்தாளில் தனிப் பகுதி இருக்கிறது. எட்டு மாதத்தில் அறுவை நடந்த குழந்தை எட்டு வயதில்தான் வாய் திறக்க முடியும். அதற்குள் சில குடும்பங்கள் பரிசோதனைக்கு வருவதையே நிறுத்திவிடும். முதல் படி வாங்கி, எண்ணும் 78-இல் நிற்கும் ஒரு பிள்ளை, கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எழுதினால், நான் அந்த விடையின் பக்கம்தான் நிற்பேன்.