ரிஃபார்மர்: ஸ்பிரிங் மாற்றிய பிறகு எழுதுவது

ரிஃபார்மர் என்பது பிலாட்டிஸ் உடற்பயிற்சி செய்யும் மெஷின்: ஒரு சட்டத்துக்குள் முன்னும் பின்னும் நகரும் படுக்கை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். என் ரிஃபார்மருக்குப் போன வாரம்தான் புது ஸ்பிரிங் வந்து மாட்டினேன். அதே சமயத்தில் கூட வேலை பார்க்கும் பெண், "அக்கா, விலை நல்லா குறைஞ்சிருக்கு, நானும் ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. வருஷக்கணக்காக இந்த மெஷினில் படுத்து எழுகிறவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி கோபம். நீளம், எடை, மடித்து வைக்கும் வசதி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதை விற்பவர்களே போட்டிருக்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜிம்மில் பழகியவர்கள் இதில் ஏறினால் ஒரு விஷயத்தில் அசந்துபோவார்கள். பளுவைக் குறைத்தால் பயிற்சி சுலபமாகும் என்ற கணக்கு இங்கே பாதி நேரம் செல்லாது. படுத்துக்கொண்டு, கால் பக்கம் இருக்கும் குறுக்குக் கம்பியான ஃபுட் பாரைக் காலால் தள்ளும் ஃபுட்வொர்க்கில், ஸ்பிரிங் கூடக் கூடத் தொடைக்கு வேலை கூடும், சரி. ஆனால் எலிஃபன்ட் என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரேஜ் என்கிற அந்த நகரும் படுக்கை மேல் நின்று, குதிகாலை ஷோல்டர் ரெஸ்ட்டில் (படுக்கும்போது தோள் முட்டும் கட்டை) முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் ஃபுட் பாரில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி நிற்க வேண்டும். காலால் கேரேஜைப் பின்னால் தள்ளுவது பெரிய காரியமில்லை. திரும்ப உள்ளே கொண்டுவருவதில்தான் விஷயம். கனமான ஸ்பிரிங் மாட்டியிருந்தால் அதுவே இழுத்துக்கொண்டு வந்துவிடும். லேசானதை மாட்டினால் அந்த உதவி கிடையாது. அடிவயிறுதான் இழுத்தாக வேண்டும். ஒரே ஒரு லேசான ஸ்பிரிங்கில் நிதானமாகச் செய்துவிட்டு இறங்கினால், இப்படி ஒரு தசை இத்தனை நாளாக எங்கே இருந்தது என்று தோன்றும்.

டம்பெல் கீழே இருக்கும்போதும் 5 கிலோ, மேலே போனாலும் 5 கிலோ. ஸ்பிரிங் அப்படி இல்லை. இழுக்க இழுக்க விசை ஏறிக்கொண்டே போகும், அப்புறம் திரும்பும் வழியெல்லாம் நம்மைப் பின்னால் இழுக்கும். அந்தத் திரும்பும் பயணத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் கேரேஜ் 'டம்' என்று ஸ்டாப்பரில் வந்து மோதும். சத்தமே இல்லாமல் வந்து நிற்க வைப்பதுதான் பாடம். அது கைவந்த பிறகு நான் மாடிப்படி இறங்கும் விதமே மாறிவிட்டது. குனிந்து தண்ணீர் கேன் தூக்கும்போது முதுகைப் பற்றிய பயம் போய்விட்டது. இதற்காக மட்டுமே இந்த மெஷினுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசஃப் பிலாட்டிஸ் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயரே கன்ட்ராலஜி. 1883ல் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக்கில் பிறந்தவர். ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று சின்ன வயதில் நோஞ்சான். முதல் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார், அதனால் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். முதலில் லங்காஸ்டர், பிறகு ஐல் ஆஃப் மேன் தீவில் நோக்கலோ முகாம். 20,000 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்த இடம் அது. எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டி, படுத்தபடியே கை காலை அசைக்க வைத்தார் என்பது பிலாட்டிஸ் படித்த யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை. எனக்கு அந்தக் கதை மேல் தனிப் பிரியம் உண்டு. முதுகு பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் இருந்த காலத்தில், நான் வலியில்லாமல் செய்ய முடிந்தது படுத்துக்கொண்டு செய்யும் இந்தப் பயிற்சி ஒன்றுதான்.

போர் முடிந்து ஜெர்மனி திரும்பியவர், 1926ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். துணைவி கிளாராவோடு சேர்ந்து எட்டாவது அவென்யூவில் 939ஆம் எண் கட்டடத்தில் ஸ்டூடியோ போட்டார். 1927ல் தன் உடற்பயிற்சிக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன இயக்குநர்கள் அடிபட்ட நடனக் கலைஞர்களை அங்கே அனுப்பினார்கள். கணுக்கால் பிசகிய பாலே மாணவியாக அப்படி வந்தவர்தான் ரொமானா கிரிஸனோவ்ஸ்கா. ஜோசஃப் 1967ல் இறந்து சில வருஷங்கள் கழித்து ஸ்டூடியோ அவர் பொறுப்புக்கு வந்தது. கிளாரா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. காயத்தோடு வந்தவர்களைப் பொறுமையாகக் கையாண்டது கிளாராதான் என்று அங்கே படித்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் போஸ்டரில் எப்போதும் ஜோசஃப்தான், வெறும் மார்போடு.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

பழைய பாணி ரிஃபார்மரில் நாலு ஸ்பிரிங், நாலும் ஒரே பலம். டீச்சர் 'இரண்டு மாட்டு' என்றால் இரண்டு, அவ்வளவுதான். 1970களில், ஜோசஃபிடம் படித்த ரான் ஃப்ளெட்சர் பெவர்லி ஹில்ஸில் ஸ்டூடியோ திறந்தார், பிலாட்டிஸ் ஹாலிவுட் ஆட்களிடம் போனது. 1976ல் கென் எண்டல்மேன் கலிஃபோர்னியாவில் மெஷின் செய்யத் தொடங்கினார், பேலன்ஸ்டு பாடி கம்பெனி உருவானது. ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் வசதிகள் ஒவ்வொன்றாக வந்தன. பலம் வேறு வேறான, நிறம் பிரித்த ஸ்பிரிங்குகளும் வந்தன. பேலன்ஸ்டு பாடி முறையில் சிவப்பு முழு பலம், நீலம் பாதி, மஞ்சள் கால், பச்சை சிவப்பைவிடக் கனம். மற்ற தயாரிப்பாளர்களின் கணக்கு வேறு. நிறம் பிரித்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் மஞ்சள் ஒன்றை மாட்டித்தான் என்னால் காலையே அசைக்க முடிந்தது. நாலு சம ஸ்பிரிங் மட்டும் இருந்திருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன்.

ஆனால் நிறத்துக்குப் பக்கத்தில் கிலோவை எழுத இவர்களுக்கு என்ன தடை? இத்தனை சென்டிமீட்டர் இழுத்தால் இத்தனை கிலோ விசை என்று ஒரு சின்னப் பட்டியல் போதும். என் மெஷினோடு வந்த கையேட்டில் வண்ணப் படம் இருக்கிறது, உலகத் தரம் என்று இருக்கிறது, அந்தப் பட்டியல் மட்டும் இல்லை. யூடியூபில் ஒரு டீச்சர் 'ஒரு சிவப்பு, ஒரு நீலம்' என்று சொன்னால் அது அவர் மெஷினின் சிவப்பு. என் சிவப்பில் அதையே செய்தால் சில நாள் தோள் பிடித்துக்கொள்ளும், சில நாள் ஒன்றுமே உறைக்காது.

வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றுக்குக் கம்பி தாங்கவில்லை. சிவப்பு ஸ்பிரிங் ஒன்றில் கொக்கிக்குப் பக்கத்தில் துரு பிடித்து, சுருள்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது. நல்ல ஸ்பிரிங் சும்மா இருக்கும்போது சுருளோடு சுருள் ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் கழற்றிவிடுவதுதான் நல்லது. இழுத்திருக்கும் நேரத்தில் அறுந்தால் எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது 'உதிரி பாகம் எப்போ வேணாலும் கிடைக்கும் மேடம்' என்றவர்கள், இப்போது ஒற்றை ஸ்பிரிங் தர மாட்டோம், செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். சரி என்று பணம் கட்டினேன். வாரங்கள் ஓடின. நடுவில் அம்பத்தூரில் ஸ்பிரிங் செய்யும் பட்டறை ஒன்றில் விசாரித்தேன். அந்தப் பெரியவர் கம்பியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "லோடு எவ்வளவும்மா வேணும்? அத சொன்னா சுத்திக் குடுத்துடலாம்" என்றார். நியாயமான கேள்வி. அந்த எண்ணைக் கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதிலாக வந்தது நிறங்களின் படம்.

கடைசியில் செட் வந்தது. மாட்டிப் படுத்து ஃபுட்வொர்க் தொடங்கியதுமே நீலம் பழைய நீலமாக இல்லை என்று தெரிந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தது. பழைய நீலத்தையும் புது நீலத்தையும் ஒரே தூரம் இழுத்து வைத்துப் பார்த்தேன். புதுசு கண்கூடாகக் கூடுதல் காட்டியது. பழசு நாள்பட்டு இளகியிருக்கும் என்பது ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் அதிகம் பயன்படுத்தாமல் கிடந்த மஞ்சளிலும் அதே கதை. 'மாடல் மாறியிருக்கு மேடம்' என்றார்கள் போனில். மாடலை மாற்றிவிட்டு நிறத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். முதுகுவலியிலிருந்து மீண்டுவரும் ஒருவர் இதில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் டேப் ஒட்டி, தராசு காட்டிய எடையை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலை.

விலை குறைந்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. பிலாட்டிஸ் என்ற பெயர் தங்களுக்கே சொந்தம், மற்றவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு வர்த்தகமுத்திரை வழக்கு நடந்தது. 2000 அக்டோபரில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம், இது யோகா, கராத்தே மாதிரி ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாருக்கும் ஏகபோகம் கிடையாது என்று தீர்ப்பளித்தது. மனதார வரவேற்க வேண்டிய தீர்ப்பு. அதன் பிறகுதான் டீச்சர்கள் பயமில்லாமல் போர்டு மாட்டினார்கள், கருவி செய்பவர்கள் பெருகினார்கள், என் போன்றவர்கள் வீட்டில் ஒன்று வாங்கிப் போட முடிந்தது. போட்டி வந்தது, விலை இறங்கியது, ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவு என்று எதுவும் வரவில்லை.

கற்றுக்கொடுப்பதிலும் இதே குழப்பம்தான். ஜோசஃப் 1945ல் வெளியிட்ட புத்தகத்தில் முதுகு முழுவதும் பாயில் படிய வேண்டும் என்பார். இன்றைய பிசியோதெரபி சார்ந்த பள்ளிகள் முதுகின் இயல்பான வளைவை அப்படியே வைக்கச் சொல்கின்றன. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஒரு டீச்சரிடமிருந்து இன்னொருவரிடம் மாறியபோது, ஒருவர் அழுத்தச் சொன்ன இடத்தை மற்றவர் தூக்கச் சொன்னார், இருவருமே 'இதுதான் ஒரிஜினல்' என்றார்கள். எனக்கு இயல்பான வளைவுதான் ஒத்துக்கொண்டது. அதைத் தாண்டி அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

பலன் பற்றி ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கீழ்முதுகு வலிக்கு பிலாட்டிஸ் உதவுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பு பார்த்தது. சும்மா இருப்பதைவிட நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. 'ரிஃபார்மர் இல்லாமல் முதுகு சரியாகாது' என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு நன்றாகவே சரியானது. விட்டுவிடாமல் செய்ய வைத்தது இந்த மெஷினின் சுவாரசியம்.

ஆக, அந்தப் பெண்ணுக்கு என் பதில்: வாங்காதே, இப்போதைக்கு. நான் என்னுடையதை விற்க மாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன். நாளைக் காலையிலும் இதில்தான் படுப்பேன். ஆனால் உனக்கு வாங்கு என்று சொல்ல இந்த வாரம் வாய் வரவில்லை. ஜோசஃப் அந்தப் புத்தகத்தில் கொடுத்த 34 பயிற்சிகளுக்கும் ஒரு பாய் போதும். ஹண்ட்ரட் என்ற முதல் பயிற்சியையே ஒழுங்காகச் செய், ஐந்து எண்ணி மூச்சை இழுத்து ஐந்து எண்ணி விட்டு, பத்து சுற்று. ஒரு நல்ல டீச்சரிடம் ஆறு மாதம் போ, அவர் ஸ்டூடியோ ரிஃபார்மரில் படுத்துப் பார். அதற்குப் பிறகும் வீட்டில் ஒன்று வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்கு: ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் எத்தனை கிலோ, ஒற்றை ஸ்பிரிங் தனியாகத் தருவார்களா, எத்தனை நாளில் தருவார்கள். 'எல்லாம் பார்த்துக்கலாம் மேடம்' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடு.