ஒரு கால் முடிந்தது, மறு கால் சார்ஜில்: நாலு வருட எபிலேட்டர்

என் எபிலேட்டருக்கு, அதாவது முடியை வேரோடு பிடுங்கும் மெஷினுக்கு, பேட்டரியை மாற்றி மூடியாகிவிட்டது. "இதை வாங்கலாமா?" என்று கேட்ட தோழிக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்த நீளம். சுழலும் தலை, வரிசை வரிசையாகக் குட்டி முள்வாங்கிகள், இரண்டு வேகம், ஈரத்திலும் பிடிக்கலாம், கம்பியில்லாமல் ஓடும். இதெல்லாம் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. கையேட்டில் பொடி எழுத்தில் இருப்பது ஒன்று: சார்ஜரைச் சொருகியிருக்கும்போது இது ஓடாது.

மெதுவாக ஓடும் என்றுகூட இல்லை, ஓடவே ஓடாது. முழு சார்ஜுக்கு 30 முதல் 40 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். சருமத்தில் வைத்து இழுக்கும்போது மோட்டாருக்குச் சுமை ஏறும், அந்த நிமிடங்கள் சுருங்கும். பழகாத கை, முதல் தடவை, கணுக்காலிலிருந்து தொடை வரை இரண்டு கால் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒரு கால் வழவழவென்றும் மறு கால் பாதியிலும் நிற்க, மெஷின் ஒரு மணி நேரம் சார்ஜில் கிடக்கும். அதற்குள் உற்சாகமும் போய்விடும், குளித்த சூட்டில் இளகியிருந்த சருமமும் பழையபடி ஆகிவிடும்.

இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு, நியாயமான காரணம்தான். அடாப்டரிலிருந்து வரும் வோல்ட் சின்னது, ஆனால் அதன் மறுமுனை சுவர் மின்சாரத்தில் இருக்கிறது. யாராவது சொருகியபடியே ஷவரில் போய் நின்றால் உயிருக்கு ஆபத்து. அதனால் ஈரத்தில் பிடிக்கும் மாடல்களில் சொருகினால் மோட்டார் நிற்கும்படி செய்துவிடுகிறார்கள். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஈரத்தில் பிடிப்பதே அரைகுறை வேலை. நனைந்த முடி சருமத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், முள்வாங்கிக்கு எட்டாது. வலி கொஞ்சம் குறையும், விட்டுப்போகும் முடி கூடும். சுத்தமாக வர வேண்டும் என்றால் நன்றாகத் துடைத்து உலர்ந்த கால்தான். ஆக, பயன்படாத ஒரு வசதிக்காகப் பயன்படும் ஒரு வசதியைப் பறித்துக்கொண்ட கதை இது.

பேட்டரி திடீரென்று சாவதில்லை என்பதுதான் இதில் மோசம். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட், காலியாகும் நேரத்தில் சுமார் 3 வோல்ட். வேகத்தை நிலையாக வைத்திருக்கும் மின்சுற்று இல்லாத மாடல்களில் வோல்ட் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கும். மோட்டார் இறங்கினால் முள்வாங்கிகள் ஒரு நொடிக்கு எத்தனை தடவை மூடித் திறக்கின்றன என்ற எண்ணிக்கை குறையும். கையோ பழைய வேகத்திலேயே போகிறது. விளைவு, முதல் கால் ஒரே இழுப்பில் சுத்தம், இரண்டாவது காலில் அதே இடத்தில் மூன்று இழுப்பு. மூன்று இழுப்பு என்றால் மூன்று மடங்கு சிவப்பு. வலது கால் நன்றாக வருகிறது, இடது கால் மட்டும் புள்ளி புள்ளியாகத் தடிக்கிறது என்றால் சருமத்தைச் சந்தேகிப்பதற்கு முன், எந்தக் காலில் ஆரம்பிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வாரம் மாற்றி ஆரம்பித்தால் தெரிந்துவிடும்.

சிவப்பு விளக்கு கடைசி சில நிமிடங்களில்தான் எரியும், அதை நம்ப வேண்டாம். காதை நம்புங்கள். முழு சார்ஜில் கீச்சென்று இருக்கும் சத்தம் மெல்ல உறுமலாக மாறும். மாறியதும் நிறுத்திவிடுவது நல்லது.

வேகம் குறைந்தாலும், கை தப்பினாலும், கடைசியில் எல்லாம் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: முடி வேரோடு வந்ததா, நடுவில் முறிந்ததா? இதைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு கை அளவு இடத்தை முடித்ததும் தலையைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். விழுந்ததில் பத்து முடியை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனை ஊசியாக மெலிந்திருக்கும், மறுமுனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். சிலதில் வெள்ளையாக, சிலதில் கறுப்பாக, ஈரப்பசையோடு. குமிழ் இருந்தால் வேர் வந்துவிட்டது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லையென்றால் அது முறிந்த முடி, மிச்சம் சருமத்துக்குள்ளேயே இருக்கிறது, மூன்றாம் நாள் சொரசொரவென்று எட்டிப்பார்க்கும். பத்தில் ஒன்றிரண்டு முறிவது சகஜம். நாலைந்து முறிந்தால் எங்கோ தப்பு.

பெரும்பாலும் தப்பு இந்த இடங்களில்தான். மெஷினைச் சாய்த்துப் பிடிப்பது முதல் தப்பு. தலை சருமத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் முடி மயிர்க்காலின் வாயிலேயே மடங்கி ஒடியும். அடுத்தது தொளதொள சருமம். இன்னொரு கையால் இழுத்துப் பிடிக்காவிட்டால் முடியோடு சருமமும் எழும்பும், வலியும் வரும், முடியும் முறியும். முழங்காலில் காலை மடக்கிக்கொண்டால் தானாக விறைக்கும். கெண்டைக்காலில் முடி ஒரே திசையில் வளராது, அங்கே குறுக்கிலும் ஒரு சுற்று போக வேண்டும். பொதுவாக முடி வளரும் திசைக்கு எதிராக, அழுத்தாமல், நத்தை வேகத்தில். மெஷின்தான் இழுக்கிறது, கை அதைத் தாங்கிக்கொண்டு போனால் போதும். அழுத்தினால் மோட்டார் திணறுவதைத் தவிர வேறு பலன் இல்லை.

முடியின் நீளமும் முக்கியம். அரை மில்லிமீட்டர் முடியையும் பிடிக்கும் என்று விளம்பரம் சொல்லும். நடைமுறையில் 2, 3 மி.மீ. இருந்தால்தான் பிடிப்பு சரியாக விழும். 5 மி.மீ.க்கு மேல் போனால் முடி சுற்றிக்கொண்டு சுள்ளென்று இழுக்கும், முதலில் ட்ரிம்மரால் குறைத்துவிட வேண்டும். காலில் எண்ணெயோ லோஷனோ இருந்தால் முள்வாங்கி வழுக்கும். வியர்வைப் பிசுபிசுப்பு இருந்தால் லேசாகப் பவுடர் தடவித் துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

ரேஸரிலிருந்து நேரே இதற்கு மாறுகிறவர்கள் முதல் இரண்டு தடவை ஏமாந்துபோவார்கள். "நாலு வாரம் வழவழப்பு என்றார்களே, ஐந்தாம் நாளே வந்துவிட்டதே" என்பார்கள். மெஷின் மேல் தப்பில்லை. எல்லா மயிர்க்காலும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. ஒரு பகுதி ஓய்வில் இருக்கும், இன்னொரு பகுதி சருமத்துக்கு அடியில் கிளம்பிக்கொண்டிருக்கும். ஐந்தாம் நாள் வருவது பிடுங்கியது அல்ல, அன்றைக்கு வெளியே தலைகாட்டாதது. இடையில் ரேஸர் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாலு தடவை செய்தால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும், அதற்குப் பிறகு இரண்டு காலுக்கும் 20 நிமிடமே போதும். வளர்ந்து வருவதும் மெலிந்த முனையோடு வருவதால் கைக்கு மிருதுவாகத்தான் இருக்கும். ரேஸர் போட்டால் முடி தடிக்கும் என்பது பொய், வெட்டுப்பட்ட மொட்டை முனைதான் தடித்த மாதிரி குத்துகிறது.

அக்குளுக்குத் தனி மூடி போட்டு, கையை நன்றாகத் தூக்கி, 2 மி.மீ. அளவுக்குக் குறைத்த பிறகு. அங்கே முடி நாலு திசையிலும் வளரும். டியோடரன்ட் மறுநாள்தான். முகத்துக்கு இந்தப் பெரிய தலை வேண்டவே வேண்டாம். மச்சம், பாலுண்ணி, புண், வெயிலில் எரிந்த இடம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். சர்க்கரை நோய், புடைத்த நரம்பு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை என்று எதுவாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

முடி உள்ளேயே சுருண்டு வளரும் தொல்லைக்குப் பாதிக் காரணம் மேலே சொன்ன முறிவு, மீதிப் பாதிக்குக் காரணம் இறந்த செல்கள் மயிர்க்காலின் வாயை அடைப்பது. முந்தின நாள் பீர்க்கங்காய் நாரால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். செய்த அன்று தேய்க்கக் கூடாது, மயிர்க்கால்கள் திறந்து கிடக்கும். இரவில், வெதுவெதுப்பான குளியலுக்குப் பிறகு செய்தால் சிவப்பு காலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாம் நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் லோஷன், அல்லது வறண்ட காலென்றால் 10 சதவீத யூரியா க்ரீம். உள்ளே கறுப்பாகத் தெரியும் முடியை ஊசியால் நோண்டுவது தழும்புக்கு விதை.

இத்தனை திட்டியாகிவிட்டது, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி இருக்கிறதே, வாங்கும்போது வெறும் அலங்காரம் என்றுதான் தோன்றும். மேலிருந்து விழும் அறை வெளிச்சத்தில் பூனைமுடி தெரியாது. இந்த விளக்கு பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு முடிக்கும் ஒரு நிழல் விழுகிறது, நிழலைப் பார்த்துத்தான் கை போகிறது. கணுக்காலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், வழக்கமாக விட்டுப்போகும் நாலு முடி இப்போது விட்டுப்போவதில்லை. தனி டார்ச் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. மோட்டார் குடிக்கும் மின்சாரத்துக்கு முன்னால் இந்த விளக்கு குடிப்பது ஒன்றுமே இல்லை, எனவே சார்ஜ் போவதற்கு அதன் மேல் பழி போடவும் முடியாது. (குறையென்றால், தெரிந்துவிட்ட முடியை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. அது விளக்கின் தப்பில்லை.)

பேட்டரிக்கு வருவோம். வாரம் ஒரு சார்ஜ் என்றாலும் நாலு வருடத்தில் சுமார் 200 தடவை. லித்தியத்துக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. கொன்றது வயதும், குளியலறைச் சூடும், முழுக்கக் காலியாகவே உள்ளே போட்டு மாதக்கணக்கில் மறந்ததும்தான். பாதி சார்ஜில், உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

பழுது எதில் என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். காற்றில் இருபது நிமிடம் ஓடி, காலில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் நின்று, விட்டுவிட்டு அமுக்கினால் மறுபடி ஓடுகிறதா? பேட்டரி போய்விட்டது. சுமை வந்ததும் வோல்ட் சரிந்து, பாதுகாப்புச் சுற்று அணைக்கிறது. சுவிட்ச் பழுது என்று இதைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தலையைக் கழற்றினால் ஜோராக ஓடி, மாட்டினால் திணறுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், தலையின் அச்சில் முடி சுற்றியிருக்கிறது. பிரஷ், பிறகு 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சு, முழுக்க உலர விட்டு மாட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய வேலைதான் இது.

பேட்டரி மாற்றுவது அடுப்படி வேலை அல்ல. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண ஏஏ பேட்டரி அளவிலேயே இருக்கும், 14500 என்பார்கள். அளவு ஒன்று என்பதற்காக 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரியை லித்தியத்தின் இடத்தில் போட்டால் 4.2 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கும் சார்ஜிங் சுற்று அதைப் பொசுக்கிவிடும். லித்தியத்தின் மேல் நேரடியாகச் சால்டரிங் இரும்பை வைக்கக் கூடாது, தகடு ஒட்டியே வரும் பேட்டரியாகப் பார்த்து, தகட்டில்தான் பற்றவைக்க வேண்டும். மூடும்போது ரப்பர் வளையம் மடங்கினாலோ கிழிந்தாலோ தண்ணீர் உள்ளே போகும். திறந்து மூடிய மெஷினை அதற்குப் பிறகு ஈரத்தில் பிடிக்காமலிருப்பதே புத்தி. அப்படியானால், எந்த வசதிக்காகச் சார்ஜரோடு ஓடாமல் தடுத்தார்களோ அந்த வசதியும் போயிற்று, தடை மட்டும் அப்படியே இருக்கிறது! இதை நினைத்தால்தான் எரிச்சல் மறுபடி தலைக்கேறுகிறது.

இந்த வகை மெஷினுக்கு வம்பு புதிதல்ல. 1986-ல் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸிலிருந்து, அதாவது கூட்டுறவுக் கிராமத்திலிருந்து, எபிலேடி என்ற மெஷின் வந்தது. அதில் முள்வாங்கிகள் இல்லை, வளைந்து சுழலும் ஒரு ஸ்ப்ரிங், அதன் சுருளிடுக்கில் முடி சிக்கும். ரெமிங்டன் நிறுவனம் தன் மெஷினில் ஸ்ப்ரிங்குக்குப் பதில் கீறல் விட்ட ரப்பர் தண்டைப் போட்டது. காப்புரிமை வழக்கில் ஜெர்மன் நீதிமன்றம் மீறல் என்றது, இங்கிலாந்து நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. ஒரே பொருளுக்கு இரண்டு தீர்ப்பு.

என் மெஷினுக்கும் அப்படித்தான் ஆகிறது. முடி எடுப்பதில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். உலர்ந்த காலில்தான் செய்யப் போகிறாய் என்றால் கம்பியுள்ள மாடலையே பார், கடைசி முடி வரை ஒரே வேகத்தில் ஓடும், சாவதற்குப் பேட்டரியும் இல்லை. விளக்கு இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள். என்னுடையதை இரவல் கேட்காதே. இப்போதுதான் இரண்டு காலும் ஒரே சார்ஜில் முடிகிறது.