சத்தம் பலமாகத்தான் இருக்கிறது, பன்றிதான் பயப்படுவதில்லை

காட்டுப்பன்றியை விரட்ட ஓசூரில் ஒரு கடையில் வாங்கிய சோலார் ஒலிக்கருவி. துப்பாக்கி வெடி, நாய் குரைப்பு, புலி உறுமல் எல்லாம் பதிந்து தருகிறார்கள், மழையில் நனைந்தும் ஓடியது, பேட்டரியில் குறையே இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் கேழ்வரகுக் காட்டில் கதிர் பிடிக்கும் நேரத்தில் மாட்டினோம். ஆரம்பத்தில் பன்றி வரப்பைத் தாண்டவில்லை. அப்புறம் வெடிச்சத்தம் கேட்கக் கேட்கக் கருவிக்குப் பக்கத்திலேயே நின்று கிளறுகிறது! கடைக்காரரிடம் சொன்னால், "சத்தத்தைக் கூட்டி வையுங்கண்ணா" என்கிறார்.

கூட்டினால் தீராது. ஒரே மூலையிலிருந்து ஒரே இடைவெளியில் சத்தம் வந்து, அதன் பிறகு அடியோ காயமோ எதுவுமே நடக்காவிட்டால் எந்த விலங்கும் பழகிவிடும். ஜெர்மனியில் கிராஃபன்வோர் ராணுவப் பயிற்சிக் களத்தில், சுடும் சத்தத்துக்கு நடுவிலேயே செம்மான்கள் பட்டப்பகலில் மேய்கின்றன. வேட்டைக்காரர்கள் அடிக்கடி நடமாடும் காடுகளில் அதே இனம் இருட்டினால்தான் வெளியே வரும்.

வாங்குவதானால் இடைவெளி மாறி மாறி ஒலிக்கும் மாடலாகக் கேளுங்கள். அறுவடைக்கு முந்தைய நாட்களில் மட்டும் போடுங்கள், அதையும் அடிக்கடி இடம் மாற்றி, ஒலி மாற்றி. யானைக்கும் உதவும் என்று விற்கிறார்கள், தயவுசெய்து அதை நம்பி ராத்திரியில் காட்டுக்குள் இறங்காதீர்கள், வனத்துறைக்குத்தான் முதலில் போன் போட வேண்டும். ஐந்துக்கு இரண்டு, அதுவும் பேட்டரிக்காக.